மலாக்கா நீரிணை: எல்லைக் கோடும் கூட்டுக் காவலும்

சுமத்ராத் தீவுக்கும் மலாயத் தீபகற்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது மலாக்கா நீரிணை. இந்தியப் பெருங்கடலைத் தென்சீனக் கடலோடு இணைக்கும் மிகக் குறுகிய வழி இதுவே. தென்கோடியில், சிங்கப்பூருக்கு அருகிலுள்ள பிலிப்ஸ் கால்வாயில், இவ்வழியின் அகலம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இதனைக் கடக்கின்றன. சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளுக்குச் செல்லும் மேற்காசிய எண்ணெயின் பெரும்பகுதி இவ்வழியேதான் போகிறது.

இந்நீரிணை நமக்கு அயலானதன்று. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா சுமத்ராவின் சமுத்திராத் துறையில் இறங்கிச் சுல்தான் அல்மலிக்குஸ் ஸாஹிரின் விருந்தினராக இருந்தார். 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்கள் அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்களை அமர்த்தியிருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வணிகர்களும் அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் இருந்தனர். கப்பல்களைக் காத்துத் துறைக்கு அழைத்துவரும் பணியில் ‘ஓராங் லாவுட்’ எனப்படும் கடலோடி மக்களைச் சுல்தான்கள் ஈடுபடுத்தினர். காவல் இல்லையேல் வணிகம் இல்லை என்பதை அவ்வரசு நன்கு உணர்ந்திருந்தது.

அந்த நீர்ப்பரப்பை இரண்டாகப் பிரித்தது 1824ஆம் ஆண்டின் ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கை. மலாயக் கரை ஆங்கிலேயர் பக்கமும் சுமத்ராக் கரை டச்சுக்காரர் பக்கமும் சென்றன. குடியேற்ற ஆட்சிகள் மறைந்த பின்னரும் அப்பிரிவினை நிலைத்தது. இன்று இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் இறைமை இந்நீரில் சந்திக்கிறது. ஒரு கரையில் கொள்ளையடித்துவிட்டு அரைமணி நேரத்தில் மறு நாட்டு எல்லைக்குள் நுழைந்துவிடலாம். துரத்திவரும் காவற்படகோ எல்லைக்கோட்டில் நின்றுவிட வேண்டும். நம் காலத் தேசியப் பாதுகாப்பின் அடிப்படைச் சிக்கல் இதுதான்: குற்றவாளிக்கு எல்லை ஓர் அடைக்கலம், காவலருக்கு அதுவே ஒரு தடை.

கடற்கொள்ளை எது?

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, 101ஆம் பிரிவில், கடற்கொள்ளையை எந்த அரசின் ஆட்சிக்கும் உட்படாத கடற்பரப்பில் நிகழும் வன்செயலாகவே வரையறுக்கிறது. அங்குப் பிடிபடும் கொள்ளையரை எந்த நாடும் விசாரிக்கலாம். அதே செயல் ஒரு நாட்டின் 12 கடல்மைல் எல்லைக்குள் நிகழ்ந்தால் அது ‘ஆயுதக் கொள்ளை’ மட்டுமே. அந்நாடு ஒன்றுக்கே நடவடிக்கை எடுக்கும் உரிமை உண்டு. குறுகலான இந்நீரிணையின் பெரும்பகுதி ஏதேனும் ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

குற்றம் நிகழும் இடம் அதன் தன்மையை மாற்றுமா என்னும் வினா ஃபிக்ஹு நூல்களைக் கற்றவர்களுக்குப் புதிதன்று. வழிப்பறி, அதாவது ‘கத்உத் தரீக்’, ஊருக்கு வெளியே நிகழ்ந்தால் மட்டுமே அப்பெயர் பெறும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). ஊருக்குள் நிகழ்ந்தாலும் அது வழிப்பறியே என்பது இமாம் மாலிக் (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோரின் கருத்து. அழைத்த குரலுக்கு உதவி வந்து சேருமா என்பதே இவ்விவாதத்தின் உட்கரு. மலாக்காவில் மாலுமிகள் கேட்டதும் அதே கேள்விதான்.

வெளியிலிருந்து வந்த அழுத்தம்

கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கிவரும் பன்னாட்டுக் கடல்சார் பணியகத்தின் கடற்கொள்ளைத் தகவல் மையம், 2000ஆம் ஆண்டில் இந்நீரிணையில் 75 தாக்குதல்களைப் பதிவு செய்தது. 1997-இன் பொருளாதார நெருக்கடி கரையோர மக்களின் வாழ்வைக் குலைத்திருந்தது. ஆச்சேயில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 2001 செப்டம்பருக்குப் பின், எண்ணெய்க் கப்பல்களைப் பயங்கரவாதிகள் ஆயுதமாக்கக்கூடும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது.

2004 மார்ச்சில், அமெரிக்காவின் பசிபிக் படைத் தளபதி அட்மிரல் தாமஸ் ஃபார்கோ, வட்டாரக் கடல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசினார். அமெரிக்கப் படையினர் நீரிணைக்குள் காவலுக்கு வரக்கூடும் எனச் செய்தி பரவியது. மலேசியாவும் இந்தோனேசியாவும் உடனடியாக அதனை மறுத்தன. நீரிணையின் பாதுகாப்பு கரையோர நாடுகளின் பொறுப்பே என்பது அவற்றின் உறுதியான நிலைப்பாடு. ஆனால், பிறர் வரவேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. பொறுப்பு எங்களுடையது என்பவர்கள் அப்பொறுப்பை நிறைவேற்றிக் காட்டவும் வேண்டும். 2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க்குழு நீரிணையைப் போர் அபாயப் பகுதியாகப் பட்டியலிட்டபோது, இவ்வுண்மை வணிகச் செலவாகவே வந்து நின்றது.

கூட்டுக் காவலின் அமைப்பு

2004 ஜூலையில் மூன்று நாடுகளின் கடற்படைகளும் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. ஒவ்வொரு கப்பலும் தன் நாட்டு எல்லைக்குள்ளேயே சுற்றும். சந்தேகத்துக்குரிய படகு எல்லையை நெருங்கினால் மறுபக்கக் கப்பலுக்குச் செய்தி போகும். துரத்துகிறவர் கோட்டைக் கடப்பதில்லை. துரத்தும் பணியே கைமாறுகிறது. இறைமையை விட்டுக்கொடுக்காமல் பாதுகாப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழி இது.

2005 செப்டம்பரில் தொடங்கிய ‘வானில் விழிகள்’ திட்டம் ஒரு படி முன்னேறியது. ஒரு நாட்டின் விமானத்தில் பிற நாடுகளின் அதிகாரிகளும் அமர்ந்தனர். கரையிலிருந்து மூன்று கடல்மைல் தொலைவுவரை அயல்நாட்டு எல்லைக்கு மேலும் பறக்க அனுமதி கிடைத்தது. கடலில் கடக்க முடியாத கோட்டை வானில் கடக்க முடிந்தது. காண்பவர் ஒருவராக இருந்தாலும், கைது செய்பவர் அந்நீருக்கு உரியவரே. 2006 ஏப்ரலில் இவை யாவும் ‘மலாக்கா நீரிணை ரோந்து’ என்னும் ஒரே அமைப்பின்கீழ் வந்தன. 2008-இல் தாய்லாந்தும் இணைந்தது.

பலனும் அதன் காரணங்களும்

மேற்கண்ட தகவல் மையத்தின் கணக்கில், 2004-இல் 38 ஆக இருந்த தாக்குதல்கள் 2005-இல் 12 ஆகவும், 2008-இல் 2 ஆகவும் குறைந்தன. 2006 ஆகஸ்டில் காப்பீட்டாளர் பட்டியலிலிருந்து நீரிணை நீக்கப்பட்டது.

இப்புகழ் முழுவதையும் ரோந்துக் கப்பல்களுக்கே அளிப்பது நேர்மையாகாது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை ஆச்சேயின் கரையோரத்தை அழித்தது. 2005 ஆகஸ்ட் 15-இல் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசுக்கும் விடுதலை ஆச்சே இயக்கத்துக்கும் இடையே உடன்பாடு கையெழுத்தாகி, முப்பதாண்டுக் காலப் போர் முடிவுக்கு வந்தது. நிலத்தில் ஏற்பட்ட அமைதி கடலையும் அமைதிப்படுத்தியது. உள்நாட்டு மக்களோடு செய்துகொள்ளும் சமரசமும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடே என்பது இதன் பாடம்.

ஒத்துழைப்பின் குறைகளும் கவனிக்கத்தக்கவை. ஆசியாவில் கடற்கொள்ளையை ஒடுக்குவதற்கென 2004-இல் ஏற்கப்பட்டு 2006-இல் நடைமுறைக்கு வந்த வட்டார உடன்படிக்கையின் தகவல் மையம் சிங்கப்பூரில் இயங்குகிறது. இந்தியா அதில் உறுப்பினர். நீரிணையின் இரு பெரும் கரைகளுக்குரிய இந்தோனேசியாவும் மலேசியாவுமோ அதில் சேராமல், வெளியிலிருந்தே ஒத்துழைத்து வந்துள்ளன. அம்மையத்தின் கணக்குப்படி, மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 2024-இல் 62 நிகழ்வுகள் பதிவாயின. 2025-இன் முதல் ஆறு மாதங்களிலேயே 80 நிகழ்வுகள். இவற்றுள் மிகப்பல சிறு திருட்டுகளே எனினும், ரோந்து தளர்ந்தாலோ கரையில் வறுமை மிகுந்தாலோ பழைய நோய் திரும்பும் என்பதை அவை காட்டுகின்றன.

நம் நாட்டுக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. 1999 அக்டோபரில் சுமத்ராவின் குவாலா தஞ்சுங் துறையிலிருந்து புறப்பட்ட ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்னும் ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் கடத்தப்பட்டது. மாலுமிகள் மிதவையில் இறக்கிவிடப்பட்டனர்; தாய்லாந்து மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினர். நவம்பரில் இந்தியக் கடலோரக் காவற்படையும் கடற்படையும் அரபிக்கடலில் அக்கப்பலை மடக்கின. மும்பையில் வழக்கு நடந்து 2003-இல் தண்டனை வழங்கப்பட்டது. ஆயினும் 2005-இல் உயர்நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்தது. கடற்கொள்ளைக்கென அன்று நம்மிடம் தனிச்சட்டம் இல்லை. கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் 2022-இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கடலில் பிடித்த கையைச் சட்டம் தாங்கவில்லையெனில் பிடித்தும் பயனில்லை.

கப்பல், விமானம், சட்டம், தகவல் ஆகிய நான்கும் வேண்டும். அவற்றுக்கு முன்னதாக வேண்டுவது நம்பிக்கை. 1963 முதல் 1966 வரை ஒருவரோடொருவர் மோதிய நாடுகளே இந்தோனேசியாவும் மலேசியாவும். சிங்கப்பூரும் அம்மோதலில் குண்டுவெடிப்புகளைக் கண்டது. அந்நாடுகளின் அதிகாரிகள் நாற்பதாண்டுகளுக்குள் ஒரே விமானத்தில் அருகருகே அமர்ந்து ஒரே கடலைக் கண்காணித்தார்கள். எல்லைக்கோடு அழிக்கப்படவில்லை. அதன் இருபுறமும் நிற்பவர்கள் எதிரிகளாக நின்ற நிலை மட்டுமே மாறியது. தேசியப் பாதுகாப்பைத் தனித்து நின்று தேடும் நாடுகள் கருத்தில் கொள்ளவேண்டிய முன்மாதிரி இது.