மடியில் ஒரு மடக்குக் கத்தி

ஒட்டுக்கட்டும் பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது என்னிடம் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் மாமரத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "அண்ணே, அந்தக் கத்தி எங்க வாங்குனீங்க? எவ்வளவு?" என்பதுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

அரிவாளும் களைக்கொத்தும் நமக்குக் கொல்லுப்பட்டறையில் கிடைத்துவிடும். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் ஊருக்கே தெரியும். மடக்குக் கத்தி அப்படியில்லை. கடையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். திருவிழாக் கடையில் 100 ரூபாய்க்கும் இருக்கிறது, பெரிய கடைகளில் பல ஆயிரத்துக்கும் இருக்கிறது. என் கணக்கில் உழவருக்கு 1000 ரூபாயிலிருந்து 2000 வரை போதும். அதற்குக் கீழே இரும்பு மெத்தனமாக இருக்கும், காலையில் தீட்டினால் மதியம் மழுங்கிவிடும். மேலே போனால் இரும்பு அவ்வளவு கடினம், வீட்டுச் சாணைக்கல்லில் நாம் தீட்டவே முடியாது. தீட்ட முடியாத கத்தி தோட்டத்துக்கு எதற்கு?

முதலில் பூட்டைப் பாருங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கொய்யாக் கிளை சீவிக்கொண்டிருந்தவருக்குக் கத்தி திடீரென்று மடங்கி ஆள்காட்டி விரலின் நரம்பு அறுந்துபோனது. தையல் போட்டு வருஷக்கணக்கு ஆகியும் அந்த விரலால் பால் கறக்க முடியவில்லை. கத்தியின் முனை எதிலாவது குத்தி நிற்கும்போது நாம் அழுத்தினால் அது மடங்கப் பார்க்கும்; அதைத் தடுப்பதுதான் பூட்டு. பேர் பெற்ற சிவப்புக் கைப்பிடி சுவிஸ் கத்திகளிலேயே பல மாடல்களுக்குப் பூட்டு கிடையாது, உள்ளே இருக்கும் வில் மட்டும்தான் பிடித்திருக்கும். பழம் நறுக்க அது போதும். கிளை சீவ, கயிறு அறுக்கப் பூட்டு உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

பூட்டில் எனக்குப் பிடித்தது பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல் கத்தியின் வளையம். 1890இல் ஒரு மலைக்கிராமத்தில் உழவர்களுக்காகவும் இடையர்களுக்காகவும் தொடங்கிய கத்தி அது. வளையம் 1955இல் வந்தது. கத்தியைத் திறந்து வளையத்தைத் திருகினால் முடிந்தது, சேறு படிந்தாலும் வேலை செய்யும். உள்பக்கத் தகடு ஒதுங்கி வந்து தடுக்கிற பூட்டில் மண் அடைத்துக்கொண்டால் தகடு முழுசாக உட்காராது. வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்கிறவர்கள் மட்டும் அதை வாங்கலாம். ஒப்பினெலுக்கும் ஒரு குறை உண்டு. கைப்பிடி மரம். அடைமழையில் நனைந்து ஊறினால் கத்தி கைப்பிடியை விட்டு வெளியே வராது. நான் காயவைத்து, சேருமிடத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவேன்.

கடையில் கத்தியைத் திறந்து, பூட்டி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கீழே வைத்துவிடுங்கள். மடக்கினால் முனை கைப்பிடிக்குள் முழுசாக மறைய வேண்டும், இல்லையென்றால் பையில் கைவிடும்போது கிழிக்கும். வாயின் நீளம் 7 முதல் 8.5 சென்டிமீட்டர் போதும். கடைக்காரர்கள் கனத்தைக் காட்டி விற்பார்கள்: "பாருங்க, என்னா வெயிட்டு!" அதில் மயங்க வேண்டாம். முதுகில் 2 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். தடித்த கத்தி ஆப்பு மாதிரி, பட்டையைப் பிளக்குமே தவிர வெட்டாது. மெல்லிய கத்தி வெட்டிய இடம் வழவழவென்று இருக்கும், செடி சீக்கிரம் ஆற்றிக்கொள்ளும். நசுங்கிய வெட்டில் தண்ணீர் தங்கும், பூஞ்சாணம் ஏறும்.

ஒட்டுக்கட்ட வாங்குகிறவர்கள் கத்தியின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொதுவேலைக் கத்தி இரண்டு பக்கமும் சரிவாகத் தீட்டியிருக்கும். ஒட்டுக்கத்தி ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கம் குச்சியின் மேல் படுத்து ஓடுவதால் வெட்டு வளையாமல் நேராக வரும், வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் இடைவெளியில்லாமல் சேரும். இடதுகைக்காரர்களுக்குச் சரிவு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். மொட்டு ஒட்டும் செய்கிறவர்கள் பட்டையைத் தூக்க ஒரு சின்ன நாக்கு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் நல்லது.

எவர்சில்வரா, கார்பன் இரும்பா? கார்பன் இரும்பு சீக்கிரம் கூராகும், நன்றாக வெட்டும். ஆனால் துடைக்காமல் விட்டால் ஒரே இரவில் துருப்பிடிக்கும். எலுமிச்சை, மாங்காய் வெட்டினால் கறுக்கும். அந்தக் கறுப்பால் கெடுதல் ஒன்றுமில்லை, சிவப்புத் துருதான் ஆகாது. நாகை, ராமநாதபுரம் பக்கம் உப்புக்காற்றில் இருக்கிறவர்கள் எவர்சில்வரையே வாங்குங்கள். ஆனால் வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்திருந்தால் அது ஒன்றும் சொல்லவில்லை என்றே அர்த்தம். 12சி27 என்பது போல இரும்பின் வகையை எழுதித் தருகிற கம்பெனியை நம்பலாம்.

இயற்கை வழியில் விவசாயம் செய்கிற நமக்கு இந்தக் கத்தி நோய் பார்க்கிற கருவியும்கூட. தக்காளியோ கத்தரியோ பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடினால், அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை நூல் போல வடிந்தால் அது பாக்டீரியா வாடல். ஒன்றும் வடியாமல் தண்டின் உள்ளே பழுப்பு மட்டும் இருந்தால் பூஞ்சாண வாடலாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு என்பதால், கரைசல் தெளிக்க ஓடுவதற்கு முன் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடுங்கள்.

பார்த்து முடித்ததும் அதே கத்தியோடு அடுத்த செடிக்குப் போகாதீர்கள். பாக்டீரியா வாடலை வரப்பு வரப்பாகக் கொண்டுபோக அந்த ஒரு கத்தியே போதும். முதலில் பாலையும் சாற்றையும் துணியால் துடைத்துவிட்டு, பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் வாயையும் இடுக்கையும் துடையுங்கள். சிலர் அடுப்பில் காட்டுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். கார்பன் இரும்பு 200 டிகிரியைத் தாண்டிச் சூடானால் ஏற்றிய கடினம் இறங்க ஆரம்பித்துவிடும். சாணைக்காரரின் வேக சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் பொறி பறக்கத் தீட்டினாலும் இதே கதிதான். வாய் நீலம் பாய்ந்துவிட்டால் அந்தப் பகுதி போச்சு.

தீட்டுவது கஷ்டமில்லை. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு உள்ள கல் போதும். கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள், அதில் பாதி சாயுங்கள், அதிலும் பாதி சாயுங்கள். கிட்டத்தட்ட 20 டிகிரி வந்துவிடும். அந்தச் சாய்வை மாற்றாமல் பக்கத்துக்குப் பத்து இழுப்பு, தண்ணீர் தெளித்துக்கொண்டே. ஒட்டுக்கத்தி என்றால் சரிவுப் பக்கம் மட்டும். தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து ஒன்றிரண்டு இழுப்பு, பிசிர் போக. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் தாள் கிழியாமல் அறுபடும்.

பெண் உழவர்கள் கேட்கிற ஒன்று: எங்களுக்குப் பை எங்கே இருக்கு? கைப்பிடியின் பின்னால் ஓட்டை உள்ள கத்தியாக வாங்கி, கயிறு கோத்து மடியில் செருகிக்கொள்ளுங்கள். ஆடு கயிற்றில் கழுத்து சுற்றிக்கொண்டு துடிக்கும்போது வீட்டுக்கு ஓடிப்போய் அரிவாள்மனையைத் தேட நேரம் இருக்காது.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். ஆயுத விதிகள் 2016இன்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் கணக்கில் வரும், அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம்ம கத்தி 3 அங்குலம் சொச்சம். ஆனால் பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கிற கத்தியை வாங்காதீர்கள். வேலைக்கும் ஆகாது, போலீசுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குக் கிளம்பும்போது மடியைத் தடவிப் பார்த்து, கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள்.