சிறு தொழிலகத்தின் சொந்தத் தபால் நிலையம்

மொராதாபாத் நகரில் பித்தளைச் சாமான்கள் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் சிறு தொழிலகம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தன் சரக்குகளைக் காட்டுவதற்கு இணையத்தில் ஒரு தளத்தையும் அது அமைத்துக்கொண்டுவிட்டது. அத்தளத்தின் பெயரிலேயே முடியும் மின்னஞ்சல் முகவரி வேண்டுமென்று அதன் உரிமையாளர் விரும்புவது இயல்பே. அதற்கான சர்வரைத் தாமே நிறுவிக்கொள்ளலாமா என்ற கேள்வி அப்போது எழுகிறது. நிறுவுவது பெரிய காரியமன்று. அதிலிருந்து புறப்படும் விலைப்பட்டியல் வாங்குவோரின் பெட்டியைச் சென்றடைய வேண்டுமே, அதுதான் கடினம்.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ரே டாம்லின்சன், வலையில் இணைந்த ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியான எஸ்.எம்.டி.பி. விதிகள், பிற்காலத் திருத்தங்களுடன், இன்றும் உலகின் மின்தபாலை நடத்துகின்றன. அவ்விதிகள் உருவான நாளில் வலையை உபயோகித்தோர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். ஆகவே, அனுப்புநர் தம் பெயராக எதைச் சொன்னாலும் சர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. தபாலுறையின் மீது யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போட்டுவிடலாமல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

முதலில் யந்திரத்தைக் கவனிப்போம். கடிதங்களை அனுப்பவும் ஏற்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கக் கொடுக்க டவ்காட் ஆகிய இரு மென்பொருள்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. பத்துப் பேர் வேலை செய்யும் தொழிலகத்திற்கு மிகச் சாதாரணமான கணிப்பொறியே போதும். ஆயினும் அதைத் தொழிலகத்தின் மூலையிலே வைப்பது உசிதமன்று. சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் ஐ.பி. எண் அடிக்கடி மாறக்கூடும். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் எண் வாயிலைப் பல இணைப்பு நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன. எனவே நிலையான ஐ.பி. எண்ணுடன் தரவு மையமொன்றில் வாடகைக்கு இடம் பெறுவதே வழக்கம். அங்கும் 25-ஆம் வாயில் திறந்திருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேட்டறிதல் நலம்.

அடுத்து முகவரிப் பதிவேடு. டி.என்.எஸ். என்னும் அப்பதிவேட்டில், இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை எந்த சர்வர் ஏற்கும் என்பதை எம்.எக்ஸ். பதிவு தெரிவிக்கிறது. ஐ.பி. எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் எதிர்ப்பதிவும் அவசியம். அதை எழுதும் அதிகாரம் ஐ.பி. எண்ணைக் கொடுத்த நிறுவனத்திடம் இருப்பதால், பலர் இதை மறந்துவிடுகின்றனர். பெயரும் எண்ணும் ஒன்றையொன்று சுட்டாவிடில் பெரிய சர்வர்கள் பல கடிதத்தை வாயிலிலேயே திருப்பிவிடும்.

இனி அடையாளச் சான்றுகள் மூன்று. எந்தெந்த ஐ.பி. எண்கள் இப்பெயரில் கடிதம் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப். இரண்டாவதான டி.கே.ஐ.எம்., அரக்கு முத்திரையை ஒத்தது: சர்வர் தன்னிடமுள்ள இரகசியத் திறவுகோலால் கடிதத்திற்குக் கையொப்பமிடுகிறது, பெறுபவர் டி.என்.எஸ்.-இல் உள்ள பகிரங்கத் திறவுகோலால் அதைச் சரிபார்க்கிறார். கையொப்பத்திற்குட்பட்ட பகுதி வழியில் மாற்றப்பட்டிருந்தால் முத்திரை பொருந்தாது. மூன்றாவதான டி.எம்.ஏ.ஆர்.சி., கடிதத்தில் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயர் முன்னிரண்டில் ஒன்றோடாவது பொருந்த வேண்டுமென்றும், பொருந்தாததை என்ன செய்வதென்றும் கூறுகிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுள் நிறுவனம், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் தன் ஜிமெயில் பெட்டிகளுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்க வேண்டுமென்றும், ஏனையோர் முதலிரண்டில் ஒன்றையாவது கொண்டிருக்க வேண்டுமென்றும் விதித்தது.

இவை வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. 'எங்கள் பாங்குக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தைப் புதிய கணக்கிற்கு அனுப்புக' என்று தொழிலகத்தின் பெயரால் பொய்க்கடிதம் ஒன்று சென்றால், ஒரு பருவத்தின் வருமானமே கைமாறிப் போகலாம். 'நிராகரி' என்று அறிவிக்கும் டி.எம்.ஏ.ஆர்.சி. அத்தகைய கடிதங்களிற் பலவற்றைத் தடுக்கும். ஆனால் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வேறொரு பெயரைப் பதிவு செய்துகொள்ளும் மோசடிக்காரனை அது தடுக்காது. அங்கே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்வதே வழி.

இணையதளத்தின் விசாரணைப் படிவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வாடிக்கையாளர் தம் முகவரியை எழுதி அனுப்பியதும், தளம் அம்முகவரியையே அனுப்புநராக இட்டுக் கடிதம் தயாரிப்பதுண்டு. அப்பெயரில் கடிதம் அனுப்பும் உரிமை தளத்திற்கு இல்லையாதலால், மேற்கூறிய சோதனைகளில் அது தோற்றுக் குப்பைப் பெட்டியில் விழுகிறது. நல்ல ஆர்டர்கள் இவ்வாறு யாரும் அறியாமலே மறைந்துபோகின்றன. அனுப்புநராகத் தொழிலகத்தின் சொந்த முகவரியையும், பதில் செல்ல வேண்டிய இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியையும் அமைத்தால் தொல்லை தீர்ந்தது.

சர்வரின் குறிப்பேடுகளும் முக்கியமானவை. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, அவற்றை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டுமென்றும், குறிப்பிட்ட பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமென்றும் விதித்தது. கணிப்பொறிகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது புது டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டுமென்பதும் அவ்வாணையின் பகுதியே. கடிகாரம் தவறினால் குறிப்பேட்டிலிருந்து எதையும் நிரூபிக்க இயலாது.

குறிப்பேட்டை வாரந்தோறும் படிக்கவும், பழுதுகளைத் திருத்தவும், நகலெடுத்து வைக்கவும் ஆள் இல்லாத தொழிலகம், இச்சேவையைக் கட்டணத்திற்கு வழங்கும் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுவதே மேல். அப்போதும் டி.என்.எஸ். பதிவுகளைச் சரியாக வைத்திருப்பது தொழிலகத்தின் பொறுப்பே. இணையப் பெயரைத் தளம் கட்டிக்கொடுத்தவரின் பேரில் விட்டுவைக்காமல், உரிமையாளர் தம் பேரிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆண்டுக் கட்டணம் தவறி அப்பெயரைப் பிறர் பெற்றுக்கொண்டால், பழைய வாடிக்கையாளர் எழுதும் கடிதமெல்லாம் அப்புதியவரின் பெட்டிக்கே போய்ச் சேரும்.