ஊசிக்கு முந்திய இரவு

எர்ணாவூரிலும் அதையொட்டிக் கடலோரமாகக் கிடக்கும் திருவொற்றியூர், கத்திவாக்கம் முதலிய ஊர்களிலும், மீந்துபோன மீன் குழம்புச் சட்டிக்கும் மறுநாளைக்கென்று அரைத்து வைத்த மாவுக்கும் நடுவே, மருந்துக் கடைக் காகித உறையோடு ஒரு சிறு அட்டைப் பெட்டி, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாதபடி பிரிட்ஜில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் வீடுகள் இல்லாமலில்லை. கர்ப்பம் தரிப்பதற்கான சிகிச்சையில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் ஊசி அதனுள் இருக்கிறது. மாதவிலக்கின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி, பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு நாள் வரையில், தினந்தோறும் ஏறக்குறைய ஒரே வேளையில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். போடுகிறவளும் போட்டுக்கொள்கிறவளும் பல வீடுகளில் ஒருத்தியேதான். மாத்திரை, ஸ்கேன், விரதம், வேண்டுதல் என்று வருஷக்கணக்கில் அலைந்து களைத்த பெண்ணொருத்தி, முதல் ஊசிக்கு முந்திய இரவில் உறக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆச்சரியப்படுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். “இன்னாம்மா, இத்தினியூண்டு ஊசிக்கா இப்படி நடுங்கறே?” என்று சிரிப்பவர்கள் ஒரு வகை, அவர்களால் பெரிய தீங்கொன்றும் இல்லை. “இப்படி பயந்துக்கினே கெடந்தா எப்படிம்மா நிக்கும்?” என்று கேட்பவர்கள் மற்றொரு வகை. இந்த இரண்டாவது கேள்வி, ஊசிக்கு அஞ்சும் பெண்ணைத் தன் அச்சத்துக்கே அஞ்சும்படி செய்து, நாளைக்குச் சிகிச்சை பலிக்காமற் போனால் அந்தப் பழியையும் அவள் தலையிலேயே சுமத்திவிடுகிறது. விஞ்ஞானம் இதைக் குறித்துச் சொல்வதைக் கேட்டால், இப்படிக் கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொள்வது உசிதமென்று தோன்றும். பிரிட்டனில் கார்டிஃப் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜாக்கி பாய்வினும் அவருடைய சகாக்களும், 14 ஆய்வுகளில் கலந்துகொண்ட 3,583 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து அலசி, சிகிச்சைக்கு முன்னால் ஒருத்தி அடையும் மனக்கலக்கத்துக்கும் அந்த முறை அவள் கருவுறுவதற்கும் தொடர்பு காணவில்லையென்று 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். நடுங்கிய கையோடு ஊசி போட்டுக்கொண்டவளுக்கும் நடுங்காதவளுக்கும் மருந்து ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. மனக்கலக்கம் செய்யக்கூடிய கெடுதல் வேறொன்று உண்டு. பணமும் வாய்ப்பும் இருந்தும் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறவர்களிடம் காரணம் கேட்டால், மனம் தாங்கவில்லை என்ற பதிலே அடிக்கடி வருகிறது. அச்சத்துக்குப் பரிகாரம் தேடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும். கரு நிற்காமற் போய்விடுமே என்ற பீதி அதற்கு வேண்டியதில்லை.

மாத்திரையாகக் கொடுத்துவிடலாகாதா என்று கேட்பது நியாயமே. சினைப்பையைத் தூண்டும் மருந்துகளில் மாத்திரையாக வருபவையும் உண்டு; சிகிச்சையின் ஆரம்பப் படிகளில் அவற்றைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்புகின்ற எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன் ஒரு புரதம். வாய்வழியே உட்கொண்டால், நாம் தின்னும் மீனையும் பருப்பையும் போலவே அதையும் வயிறு ஜீரணித்துவிடும். ஆகையால் ஊசி மூலம் செலுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த ஹார்மோனைச் சேகரித்த விதமே ஒரு விந்தையான சரித்திரம். மாதவிலக்கு நின்றுபோன பெண்களின் சிறுநீரில் இது மிகுதியாக வெளியேறுவதைக் கண்டு, இத்தாலியில் பியரோ டோனினி என்ற ரசாயன நிபுணர் 1940-களின் இறுதியில் அதைப் பிரித்தெடுத்தார். பிற்பாடு மருந்துக்கு வேண்டிய சிறுநீர் முதிய கன்னிகாஸ்திரீகளின் மடங்களிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வந்து சேர்ந்தது. துறவு பூண்ட ஸ்திரீகளின் உபயத்தால் கிடைத்த மருந்தைக் கொண்டு, புரூனோ லூனன்ஃபெல்டின் சிகிச்சையில், இஸ்ரேலில் 1962-இல் முதற்குழந்தை பிறந்தது. 1990-களின் நடுவிலிருந்து மரபணுப் பொறியியலால், வெள்ளெலியின் உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்பட்ட ஹார்மோனும் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்தியாவில் சோதனைக்குழாய்க் குழந்தையின் கதை இந்த ஊசியோடுதான் தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார். 1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையாக லூயி பிரவுன் பிறந்தாளே, அவளுக்காக விஞ்ஞானி எட்வர்ட்ஸும் டாக்டர் ஸ்டெப்டோவும் தூண்டுதல் ஊசிகளைக் கைவிட்டு, அந்த மாதம் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையைத்தான் எடுத்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் துர்க்கா என்ற பெயரால் அறியப்பட்ட குழந்தை பிறந்தபோது, டாக்டர் சுபாஷ் முகர்ஜி கையாண்டது ஹார்மோன் ஊசியால் சினைப்பையைத் தூண்டும் முறை. உருவான கருவை உறைய வைத்துக் காக்கும் முறையையும் அவர் கையாண்டார். இவ்விரண்டும் இன்று உலகெங்கும் நித்திய வழக்கம். ஆயினும் அன்றைய அதிகாரிகள் நம்ப மறுத்துக் கேலி செய்ததில் மனமுடைந்து அவர் 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து இத்துறையில் வெற்றி கண்டு, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவரென்று பெயர் பெற்ற டி. சி. ஆனந்தகுமார், முகர்ஜியின் குறிப்புகளைப் பரிசீலித்து, முதன்மை அவருக்கே உரியதென்று 1997-இல் பகிரங்கமாகச் சொன்னார். தமக்குக் கிடைத்த கீர்த்தியைத் தாமே எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் பெருந்தன்மையை விஞ்ஞான உலகில் எத்தனை முறை காண்கிறோம்?

ஊசியைப் பற்றிய பயம் என்று நாம் சொல்வதில் ஊசிக்குரிய பங்கு சொற்பமே. எர்ணாவூரின் சுனாமிக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக்குப் பிறகு, பெற்ற பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, முன்னமே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மாருக்கு, கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்து தர தமிழக அரசு முன்வந்தது. பிள்ளைக்கான சிகிச்சை எதுவாயினும், அதன் கத்தியிலும் ஊசியிலும் தொங்கிக்கொண்டிருக்கும் எதிர்பார்ப்பின் பாரம் எத்தகையது என்பதை அந்த அரசாணையொன்றே உணர்த்தும். முதல் ஊசியைக் கையில் எடுக்கும்போது நடுக்கம் தருவது அந்தப் பாரம்தான்.

முட்டையெல்லாம் இப்போதே தீர்ந்துபோய்விடுமோ என்ற கவலையையும் அதனோடு சேர்த்துக்கொள்கிறார்கள். பெண் குழந்தை பிறக்கும்போது சினைப்பையில் பத்து இருபது லட்சம் முட்டைகள் இருக்கின்றன; வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சமாகின்றன; ஆயுள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை ஏறக்குறைய நானூறுதான். மாதந்தோறும் ஒரு கூட்டம் முட்டைகள் வளரப் புறப்பட்டு, ஒன்று மட்டும் முன்னேற, ஏனையவை ஹார்மோன் போதாமல் வாடி மறைகின்றன. அவ்விதம் அந்த மாதமே வீணாகப் போகவிருந்தவற்றைத்தான் ஊசி மருந்து ஊட்டி வளர்க்கிறது. பின்னாளைய சேமிப்பில் அது கைவைப்பதில்லை.

இனி, காத்திருத்தலைப் பற்றி. அமெரிக்காவில் எமரி சர்வகலாசாலையில் கிரெகரி பெர்ன்ஸ் என்பவர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காலில் சிறு மின்னதிர்ச்சி பெற ஒப்புக்கொண்டவர்களில் சிலர், மெல்லிய அதிர்ச்சிக்காகக் காத்திருப்பதைவிடப் பலத்த அதிர்ச்சியை உடனே பெற்றுவிடுவதே மேல் என்று தேர்ந்துகொண்டார்கள். வலி வருமுன்பே வலியை உணரும் இடங்கள் அவர்களுடைய மூளையில் விழித்துக்கொண்டிருந்தன. ஆகவே டாக்டர் சொல்லும் வேளைக்குள், மாலையில் எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாக ஒரு மணியைக் குறித்துக்கொண்டு, அந்த மணி வந்ததும் ஒத்திப்போடாமல் முடித்துவிடுவது நலம். இதற்காகவேனும் ஊசியை வீட்டில் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் ஒரு மாலையில், ஆட்டோவில் சிக்கிக்கொண்டு, கிளினிக் சாத்திவிடுவார்களோ என்று தவிப்பதைப் போன்ற வேதனை எந்த ஊசியிலும் இல்லை.

அச்சம் எல்லாருக்கும் ஒரே விதமாக வருவதில்லை என்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, மூச்சு முட்டுகிறது. இவர்களுக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, நாலைந்து நிமிஷம் நிதானமாகச் சுவாசிப்பது உதவும். வேறு சிலருக்கோ ஊசியையும் ரத்தத்தையும் கண்ட மாத்திரத்தில் ரத்த அழுத்தம் சற்றே ஏறி, உடனே சரிந்து, கண் இருண்டு மயக்கம் வருகிறது. இவர்களிடம் “உடம்பைத் தளர விடு” என்பது பொருந்தாத யோசனை. தளர்ந்தால் அழுத்தம் இன்னும் இறங்கும். ஸ்வீடன் தேசத்து உளவியலறிஞர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1980-களில் இதற்கென்று ஒரு பயிற்சியை வகுத்தார்: கைகால் தசைகளை 10, 15 விநாடி, முகத்தில் சூடு ஏறும்வரை இறுக்கிப் பிடித்து, பிறகு 20, 30 விநாடி விட்டு, இவ்விதம் ஐந்து முறை செய்தால் அழுத்தம் சரியாமல் நிற்கிறது. ஊசி ஏறும் வயிற்றை மட்டும் இறுக்காமல், சாய்ந்து உட்கார்ந்தோ படுத்தோ போட்டுக்கொள்ள வேண்டும். முன்பு எப்போதாவது ஊசிக்கு மயங்கி விழுந்தவர்கள் அதை மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும்.

காரியத்தை நேரில் பார்த்தால் அது எவ்வளவு சிறியது என்பது புலப்படும். பேனாவைப் போன்ற கருவி. அதன் நுனியில் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பொருத்தும் ஊசி, சர்க்கரை நோயாளிகள் இன்சுலினுக்கு உபயோகிப்பதைப் போல மெல்லியது. புதுப் பேனாவானால் நுனியில் ஒரு சொட்டு மருந்து துளிர்க்கிறதா என்று பார்த்து, டாக்டர் எழுதிய அளவுக்கு அடிக்குமிழைத் திருகிக்கொள்கிறார்கள். தொப்புளுக்கு இரண்டு அங்குலம் தள்ளி, நேற்று இடப்பக்கமானால் இன்று வலப்பக்கம், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அது காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால்தான் எரியும். சதையைக் கிள்ளிப் பிடித்து, தயங்காமல் ஒரே வீச்சில் செலுத்தி, குமிழை அழுத்தி, பத்து எண்ணி எடுத்தால் முடிந்தது. முன்னதாக ஒரு நிமிஷம் துணியில் சுற்றிய ஐஸை அந்த இடத்தில் வைத்தால் குத்து மந்தமாகத் தெரியும். தொடு உணர்ச்சி வலியின் வழியை முதுகுத் தண்டிலேயே மறித்துவிடுகிறதென்று மெல்ஸாக், வால் என்ற விஞ்ஞானிகள் 1965-இல் சொன்ன கொள்கை இதை ஒருவாறு விளக்குகிறது. பிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தைச் சில நிமிஷம் வெளியே வைத்துப் போட்டாலும் உறுத்தல் குறையும். சில மருந்துகள் அறை வெப்பத்தில் கெடாது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள்; அது 25 டிகிரிக்கு மேற்படாத அறை, சித்திரை மாதத்து எர்ணாவூர் அறையல்ல. இரண்டு முதல் எட்டு டிகிரி வரையில் பிரிட்ஜின் நடுத்தட்டே அதற்கு உரிய இடம். ஐஸ் பெட்டியில் வைத்தால் உறைந்து பாழாகும். மின்சாரம் நெடுநேரம் நின்றுபோனால், மருந்தை உபயோகிக்கலாமா என்று மருத்துவமனையைக் கேட்டுவிட வேண்டும்.

கணவனும் ஊசி போடக் கற்றுக்கொள்வது அவசியம். பிள்ளையின்மைக்குக் காரணம் ஆணிடத்திலும் இருப்பது சர்வசாதாரணமாயிருக்க, ஊசி முழுவதும் பெண்ணின் வயிற்றிலேயே இறங்குகிறது. பேனாவைப் பிடிக்கும் சிரமத்தையாவது அவன் பங்கிட்டுக்கொள்ளட்டும். தனியார் நிலையங்கள் ஒருபுறமிருக்க, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் அண்மையில் கருத்தரிப்பு மையம் ஏற்பட்டிருக்கிறது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ரயிலில் எழும்பூருக்கு எளிதில் போய்விடலாம். எங்கே சிகிச்சை பெற்றாலும், முதல் ஊசியை நர்ஸின் முன்னிலையில் தாங்களே போட்டுப் பார்க்க இருவரும் கேட்கலாம்.

முட்டைகள் முதிர்ந்ததும் இறுதியில் போடும் ஊசிக்கு மட்டும் நிமிஷக் கணக்கு உண்டு. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டைகளை எடுத்தாக வேண்டுமாதலால், நள்ளிரவுக்கு அலாரம் வைத்தேனும் குறித்த நேரத்தில் போட வேண்டும். அதற்குப் பின் வரும் நாட்களில் வயிறு வேகமாக உப்புவது, ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது, ஓரிரு நாளில் எடை மளமளவென்று ஏறுவது ஆகியவற்றில் எது கண்டாலும், சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம். “பயத்துல அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டார் தள்ளிவிட இடங்கொடாமல், எந்த நேரமானாலும் டாக்டருக்குப் போன் செய்துவிட வேண்டும்.