கண்ணுக்குப் புலப்படாத கசிவு

இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் பறிக்கும் பருவம் வந்துவிட்டால், மலைப்பாதைகளில் பழம் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும். தில்லியின் ஆசாத்பூர் சந்தைக்குப் பழம் வாடாமல் போய்ச் சேர வேண்டும். அவ்வேளையில் பழைய லாரி ஒன்று ஏற்றத்தில் வலுவிழந்து நின்றால், ஓட்டுநர், விவசாயி இருவருக்குமே இழப்பு. இதற்குக் காரணம் பல நேரங்களில் எரிபொருள் குழாயில் புகுந்த காற்றே ஆகும்.

டீசல் எந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. பிஸ்டன் அழுத்துவதால் உருளைக்குள் உள்ள காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் இன்ஜெக்டர் எனப்படும் தெளிப்பான் டீசலைத் தூவ, அது தானாகவே பற்றிக்கொள்கிறது. தெளிப்பான் உயர் அழுத்தத்தில்தான் திறக்கும். டீசல் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். எனவே குழாயில் காற்று இருந்தால், பம்பின் விசை அதைச் சுருக்குவதிலேயே வீணாகிறது.

லாரியின் டீசல் தொட்டி தாழ்வாக இருக்கும். அங்கிருந்து ஃபீட் பம்பு டீசலை உறிஞ்சி, வடிகட்டி வழியாக உயர் அழுத்தப் பம்புக்குத் தள்ளுகிறது. தள்ளும் பகுதியில் விரிசல் இருந்தால் டீசல் சொட்டும். உறிஞ்சும் பகுதியில் விரிசல் இருந்தால் காற்று உள்ளே நுழையும். வெளியே ஈரம்கூடத் தெரியாமல் போகலாம். துளை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் பருகுவதைப் போன்றது இது. ஆகவே கசிவே இல்லை எனக் கருதி, விலையுயர்ந்த பம்பைக் கழற்றுவோரும் உளர்.

காலையில் நெடுநேரம் சுழற்றிய பின்னரே எந்திரம் இயங்குதல், வேகம் ஏறி இறங்குதல், ஏற்றத்தில் திணறுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆயினும் வடிகட்டி அடைபட்டாலும் எந்திரம் திணறும். ஆதலால் சோதனை தேவை. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒளி புகும் குழாய்த் துண்டு ஒன்றை இணைத்து எந்திரத்தை இயக்க வேண்டும். அதில் குமிழிகள் ஓடினால், காற்று அதற்கு முன்னரே புகுகிறது. பின்னர் அக்குழாயைத் தூய டீசல் நிரம்பிய கலத்தில் இட வேண்டும். குமிழிகள் மறைந்தால், பழுது தொட்டிப் பக்கத்தில் உள்ளது. முதலிலேயே குமிழிகள் தோன்றாவிடில், பம்பின் இணைப்பையும் வடிகட்டியையும் ஆராய வேண்டும்.

விறைத்த ரப்பர்க் குழாய், நசுங்கிய செப்பு வாஷர் போன்றவற்றை மாற்றிய பின், வடிகட்டியின் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் இயக்க வேண்டும். குமிழியின்றி டீசல் வழிந்ததும் திருகை இறுக்க வேண்டும். கசிவை அடைக்காமல் காற்றை மட்டும் நீக்கினால், அது மீண்டும் புகுந்துவிடும். தெளிப்பானிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். அதன் அருகே கையைக் கொண்டு செல்லலாகாது.

விடை எழுதுக

1. காற்று புகுந்தால் தெளிப்பான் திறவாதது ஏன்?
2. உறிஞ்சும் பகுதியின் கசிவைக் கண்டறிவது கடினமாவது ஏன்?
3. பம்பைக் கழற்றுமுன் செய்யத்தக்க சோதனைகளை வரிசைப்படுத்துக.