மூடியதைத் திறப்பதே ‘டிஸ்கவர்’

மாணவர்களே, ‘கலிலியோ தொலைநோக்கியைக் கண்டுபிடித்தார்’ என்று எழுதுகிறீர்களா? அது தவறு.

‘டிஸ்கவர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘கவர்’ என்றால் மூடுதல். ‘டிஸ்’ அதை நீக்குகிறது. மூடியிருந்ததை வெளிப்படுத்துவதே அதன் மூலப்பொருள். முற்காலத்தில் இரகசியத்தை வெளியிடுவதையும் இச்சொல்லால் குறித்தனர். ‘இன்வென்ட்’ அப்படியன்று, இல்லாத ஒன்றைப் புதிதாக உருவாக்குவது.

1608இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கோரினார். தொலைநோக்கி, மனிதர் உருவாக்கிய கருவி. அதை மேம்படுத்திய கலிலியோ, 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டார். அவர் பிறப்பதற்கு முன்பே அவை வியாழனைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆகவே, அவர் நிலவுகளைக் கண்டறிந்தார்.

தமிழில் இரண்டையும் ‘கண்டுபிடிப்பு’ என்றே சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. விடை எழுதுமுன் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மனித இனமே தோன்றாதிருந்தாலும் இது இருந்திருக்குமா? ‘ஆம்’ என்றால் டிஸ்கவர். ‘இல்லை’ என்றால் இன்வென்ட்.

யுரேனஸ் கோள், மின்விளக்கு, பூஞ்சை சுரக்கும் பெனிசிலின். இம்மூன்றும் எந்தப் பக்கம்? நீங்களே பிரித்துப் பாருங்கள்.