பச்சையாக இருந்தால் மட்டும் காடாகிவிடாது

கொடைக்கானல் மலைச்சரிவுகளில் சீகை மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும்போது பார்ப்பவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சரிவுகளில் பல, ஒரு காலத்தில் மரமே இல்லாத புல்வெளிகள். மழைநீரைத் தேக்கிவைத்து, கோடையிலும் ஓடைகளை வற்றாமல் காத்த நிலம் அது. தோல் பதனிடும் பட்டைக்காக நடப்பட்ட இந்த ஆஸ்திரேலிய மரம், தோட்ட எல்லையைத் தாண்டிப் புல்வெளிக்குள் புகுந்தது.

எவ்வளவு புல்வெளி போயிற்று? செயற்கைக்கோள் படங்கள்தான் கணக்குக் காட்டின. லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. ஒவ்வொரு தாவரமும் சூரிய ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களில் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். 1973ஆம் ஆண்டின் படத்தையும் 2014ஆம் ஆண்டின் படத்தையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் கண்டார்கள். அந்த இடத்தைப் பிடித்தவை மரத் தோட்டங்களும் விவசாய நிலங்களும். மரம் நிறைந்த பரப்பை மட்டும் அளந்திருந்தால் இதில் பெரும்பகுதி வளர்ச்சி என்றே பதிவாகியிருக்கும். மரங்களை எண்ணினால் போதாது, என்ன மரம் என்றும் கேட்க வேண்டும்.

காடுகளுக்குள் பரவும் இன்னொரு அயல் தாவரமான உண்ணிச்செடி விஷயத்தில் வானத்துக் கண் தடுமாறுகிறது. பெரிய மரங்களின் நிழலில் புதராக மண்டுவதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே கால்நடையாகப் போனால்தான் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பில், வனப் பணியாளர்கள் குறிப்பிட்ட இடைவெளிகளில் நின்று சுற்றிலும் உள்ள செடிகளையும் குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்புகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, இந்தியாவின் புலிக் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் உண்ணிச்செடி பரவியிருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம்! உண்ணிச்செடியின் அடியில் புல் அதிகம் முளைப்பதில்லை. மானுக்கும் யானைக்கும் மேய்ச்சல் குறைகிறது.

இந்தக் கணக்குகளை வைத்து வரையும் வரைபடத்தின் உண்மையான பயன், களையெடுப்பை எங்கே தொடங்குவது என்று காட்டுவதுதான். அடர்ந்து மண்டிய இடத்தில் பணத்தைக் கொட்டுவதைவிட, ஒன்றிரண்டாகத் தலைகாட்டும் ஓரங்களில் முதலில் பிடுங்குவது மலிவு, பலனும் அதிகம். உண்ணிச்செடியைத் தண்டோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஆணிவேரை மண்ணுக்குக் கீழே அறுக்க வேண்டும். பழம் தின்னும் பறவைகள் விதையைத் திரும்பவும் கொண்டுவந்து போடும். அதனால் களையெடுத்த இடங்களுக்கு அடுத்தடுத்த மழைக்காலங்களிலும் ஆள் போய்ப் பார்த்து, வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.