வலி மாத்திரையும் வயிற்றின் காவலும்

செய்யாறு, ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளருக்கு முழங்கால் வலியும் இடுப்பு வலியும் புதியன அல்ல. குழித்தறியில் அமர்ந்து காலை முதல் மாலை வரை மிதிப்பதும் நாடா எறிவதுமாக இருப்பவருக்கு மூட்டு நோகாமல் இராது. இரவில் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குவர்; விடிந்தால் மீண்டும் தறிக்குழியில் இறங்குவர். அம்மாத்திரை உடலுக்குள் என்னதான் செய்கின்றது? வாங்குவோர் கேட்பதில்லை, விற்போர் சொல்வதுமில்லை. நாமே சற்று ஆராய்வோம்.

உடலில் ஓரிடம் காயமுற்றால் அங்குள்ள உயிரணுக்களின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்புப் பொருள் பிரிகின்றது. சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்னும் நொதி (வாயில் நுழையாத பெயர்தான், வாசக அன்பர்கள் பொறுத்தருள்க!) அதனைப் புராஸ்டாகிளாண்டினாக மாற்றும் வேலையைத் தொடங்கி வைக்கின்றது. புராஸ்டாகிளாண்டின் இரத்தக் குழாய்களை விரிக்கின்றது. அவ்விடம் சிவந்து, சூடேறி, நீர் கசிந்து வீங்குகின்றது. வலி நரம்புகளும் கூருணர்வு பெறுகின்றன. இதனையே அழற்சி என்கிறோம்.

1763-இல் எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலேயப் போதகர், வில்லோ மரப்பட்டைப் பொடி காய்ச்சலைத் தணித்ததை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். மறைப்பணியாளரும் மருத்துவத்துக்கு உதவியதுண்டு! பின்னாளில் வந்த ஆஸ்பிரினை உலகமே விழுங்கியது. ஆனால் அது எவ்வாறு வலியைத் தணிக்கின்றது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. புராஸ்டாகிளாண்டின் உண்டாவதையே அது தடுக்கின்றது என 1971-இல் ஜான் வேன் காட்டினார். 1982-இல் சுவீடன் நாட்டு அறிஞர் இருவரோடு நோபல் பரிசும் பெற்றார்.

சிக்கல் இனிமேல்தான். அந்நொதி இரு வகைப்படும். ஒன்று எந்நேரமும் உழைத்து, இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காதபடி காக்கும் புராஸ்டாகிளாண்டினைத் தருகின்றது. மற்றொன்று பெரும்பாலும் காயமுற்ற இடத்தில் பெருகுவது. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இரண்டையுமே தடுக்கின்றன. கள்ளனைப் பிடிக்கச் சென்றவர் காவற்காரனையும் கட்டிப்போட்ட கதைதான்! வயிறு புண்ணாகின்றது. இரண்டாம் வகையை மட்டும் குறிவைத்து வந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பை மிகுவித்ததால் 2004-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

சிறுநீரகத்துக்கும் இம்மருந்துகளால் ஆபத்து உண்டு. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அவற்றின் இறைச்சியைத் தின்ற நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அவ்வினத்தையே ஏறத்தாழ அழித்தது. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்தை அரசு 2006-இல் தடை செய்தது. பறவை வேறு, மனிதர் வேறு. ஆயினும் முதியோர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளோர், நீர் அருந்தாது வெப்பத்தில் உழைப்போர் ஆகியோரின் சிறுநீரகம் இம்மாத்திரைகளால் பழுதுபடக்கூடும்.

மருத்துவர் கூறும் அளவில் சில நாள் உண்பதை நாம் குறை கூறவில்லை. மாதக்கணக்கில் தாமாகவே விழுங்குவதே நம் கவலை. உணவுக்குப் பின் உண்டால் தீங்கில்லை என்பர். ஊசியாகப் போட்டால் வயிற்றைத் தொடாது என்பர். இரண்டும் தவறு. இரத்தத்தில் கலந்த மருந்து, எவ்வழியில் உட்சென்றிருப்பினும், இரைப்பையின் நொதியையும் தடுக்கவே செய்யும். இத்தகைய மாத்திரை உண்போருக்குத் தாரைப் போலக் கறுத்து மலம் கழியுமாயின், அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். பாவு முடியட்டும் எனக் காத்திராது, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.